கார் ஆட்டத்துக்குள் ஒரு தள்ளுவண்டி

அவங்க என்னை என் பேர் சொல்லி ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. எனக்கு முன்னாடி அந்தக் கடையில கூட்டிப் பெருக்கினவள் பேர் ராணி. அவள் கல்யாணமாகிப் போனதும் அந்த வேலைக்கு நான் போனேன். முதல் நாள் துடைப்பத்தைக் கையில வாங்கிட்டு நிக்கிறேன், "ராணி, அந்த ஒயருங்க மேல தண்ணி படாம துடை"ன்னாங்க. மறதியில சொல்றாங்கன்னு இருந்துட்டேன். மூணாம் நாள் என் பேரைச் சொல்லிடலாம்னு கிட்டப் போனேன். "இன்னா ராணி?"ன்னாங்க. "ஒண்ணும் இல்ல மதாம்"னு திரும்பிட்டேன். எனக்கு அப்பவே அம்பத்தஞ்சு வயசு. ஆனாலும் புது ஆளுங்க முன்னாடி வாய் வராது. அங்கே இருந்த வரைக்கும் ராணியாவே இருந்தேன்.

தெருவே அவங்களை மதாம்னுதான் கூப்பிடும். அப்பா சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்து பென்ஷன் வாங்கினவர். அண்ணன் பிரான்சுல. அவர் அனுப்பின கம்ப்யூட்டருங்களை வீட்டு முன் ரூம்ல வரிசையா வெச்சு கேம்ஸ் கடை நடத்தினாங்க. சுனாமிக்கு முந்தின வருஷம் நான் அங்கே சேர்ந்தேன். அவங்களுக்கு நாப்பது வயசு இருக்கும். கல்யாணம் கட்டிக்கல. முடியைக் கழுத்தோட வெட்டியிருப்பாங்க, ஆம்பளைச் சட்டை போட்டுக்குவாங்க. நல்ல மனுஷின்னு நினைச்சேன். அந்த நினைப்பு முழுக்கப் பொய்னு இன்னைக்கும் சொல்ல மனசு வரலை.

எந்தப் பொருளையும் அது வந்தபடி விட மாட்டாங்க. சுவர்க் கடிகாரத்து முள் உடைஞ்சப்போ ஐஸ் குச்சியைச் சீவிக் கறுப்பு அடிச்சு ஒட்டினாங்க. நாற்காலிக்கு ஒரு கால் போனதும் பழைய தையல் மெஷினோட இரும்புக் காலை வெச்சுக் கட்டினாங்க. ஒரு நாள் சர்க்கரை தீர்ந்துடுச்சு, நான் கடைக்கு ஓடறதுக்குள்ள ஆரஞ்சு மிட்டாய் ரெண்டை டீயில போட்டுக் கலக்கி, "குடி ராணி, நல்லாத்தான் இருக்கு"ன்னாங்க. கண்றாவியா இருந்தது. குடிச்சேன். அவங்க வீட்டுல எந்தப் பொருளும் இல்லைன்னு ஆகாது. ஒண்ணு போனா அந்த இடத்துல வேற ஒண்ணு வந்து உட்கார்ந்துக்கும். போனதைப் பத்தி அவங்க ஒரு வார்த்தை பேச மாட்டாங்க.

கடைக்கு வந்த பிள்ளைங்க ரொம்ப ஆடினது ஒரு கார் ரேஸ் ஆட்டம். ஏதோ வெள்ளைக்கார ஊர்ல கார் பறக்கும். மத்தியானம் கடை காலியா இருக்கறப்போ மதாம் அந்த ஆட்டத்தைத் திறந்து உள்ளே கையை விடுவாங்க. எனக்கு அதைப் பார்த்தா மீன் வயித்தை அறுத்துச் சுத்தம் பண்ற மாதிரிதான் தோணும். உள்ளே இருக்கற படத்தை வெளியே எடுத்துப் போட்டுட்டு அந்த இடத்துல அவங்க வரைஞ்ச படத்தைச் சொருகுவாங்க. அந்த ஊர் போலீஸ்காரன் தலையில நம்ம பாண்டிச்சேரி போலீசோட சிவப்புத் தொப்பி வந்தது. கடல் ஓரமா இருந்த கல்லுச் சுவர் நம்ம கடற்கரை ரோடா ஆச்சு. ஒரு நாள் மானிட்டரைத் துடைக்கப் போறேன், கார் ஒரு பச்சைப் போர்டைத் தாண்டுது. அதுல முதலியார்பேட்டைன்னு எழுதியிருக்கு.

"அய்ய! எங்க ஊட்டுப் பக்கம்!"னு வாய்விட்டுச் சொல்லிட்டேன்.

மதாம் திரும்பிப் பார்த்துச் சிரிச்சாங்க. "உங்க தெருவையும் போடட்டுமா?"

அவ்வளவு பெருமை யாரும் எனக்குக் கொடுத்ததில்லை.

அதே ஆட்டம் மத்த கடைங்கள்லயும் இருந்தது. ஆனா பாண்டிச்சேரி இவங்க கடையில மட்டும்தான். அதனால கூட்டம் இங்கே. தினமும் மத்தியானம் ஒரு மருந்து கம்பெனி ரெப் வருவார். டை கட்டி, பெரிய தோல் பை தூக்கிட்டு டாக்டருங்களைப் பார்க்கப் போக வேண்டியவர், வெயிலுக்குப் பயந்து எங்க ஃபேனுக்கு அடியில வந்து கார் ஓட்டுவார்.

"மதாம், ஒரு சிடில போட்டுக் குடுங்க. நெட்ல ஏத்தி வெக்கறேன். உலகமே ஆடும்"னு கெஞ்சுவார்.

"உலகம் ஆடினா என் கடைக்கு எவன் வருவான்? இங்க வந்து ஆடு. டாக்டர் பார்த்தாச்சா நீ?"

"டாக்டர் எங்க போயிடப் போறார் மதாம்."

அவர் கேக்கறதும் அவங்க மறுக்கறதும் வாரத்துல ரெண்டு தடவையாவது நடக்கும். அங்கே சிடி எழுதற மெஷின் இருந்தது. வர்றவங்களுக்குப் பாட்டு எழுதிக் கொடுப்பாங்க. அவங்க செஞ்ச ஆட்டத்தை மட்டும் எழுதித் தரமாட்டாங்க.

எங்க வீட்டுக்காரர் பெரிய மார்க்கெட்ல தள்ளுவண்டியில மூட்டை ஏத்தித் தள்றவர். ஒரு நாள் வாழைத்தார் இறக்கிட்டு, வீட்டுச் சாவி வாங்க வண்டியோட கடைப் பக்கம் வந்தார். குறுக்கே ஒரு ஸ்கூட்டர் பறந்தது. இவர் எப்பவும் கத்தற மாதிரி, "மெதுவா போ ராசா, கடலு எங்கயும் ஓடிடாது!"ன்னு ஒரு சத்தம் போட்டார். பீடிப் புகையில காய்ஞ்ச குரல். ஆரம்பிக்கறப்போ கரகரன்னு வந்து, முடியறப்போ மேலே ஏறும்.

மதாம் கடையில இருந்து ஓடி வந்தாங்க. "யார் இவரு? எனக்கு இந்தக் குரல் வேணும்!"

ஆட்டத்துல கார் போய் ஒரு வண்டியில மோதினா, அந்த வண்டிக்காரன் இங்கிலீசுல திட்டுவான். அந்த இடத்துல இவர் குரலை வெக்கணும்னாங்க. உள்ளே கூட்டிட்டுப் போய் மைக் முன்னாடி உட்கார வெச்சா, மார்க்கெட்டையே கிடுகிடுக்க வெக்கற மனுஷன், "கடலு... எங்கயும்..."னு பொண்ணு பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி முனகறார். எனக்குச் சிரிப்புத் தாங்கல. முந்தானையை வாயில வெச்சுக்கிட்டேன்.

"இது ஆவாது"ன்னு மதாம் மைக் ஒயரை ஜன்னல் வழியா தெருவுக்கு இழுத்தாங்க. ரெப்பைக் கூப்பிட்டு, "உன் பைக்கை எடுத்துட்டுப் போய் இவர் வண்டி மேல மோது"ன்னாங்க.

"நிஜமாவா மதாம்?"

"பொய்யா மோதினா பொய்யாத்தான் கத்துவாரு."

அந்தத் தம்பியும் போய் மோதிடுச்சு. வண்டி ஒரு சுத்து சுத்தி நின்னது. எங்க வீட்டுக்காரர் போட்ட சத்தத்துக்கு எதிர் வீட்டு மாடியில இருந்து எட்டிப் பார்த்தாங்க. மதாம் ஜன்னலுக்குள்ள இருந்து கை தட்டினாங்க. அன்னைக்குச் சாயந்திரமே அவர் கார் ஆட்டத்துக்குள்ள போயிட்டார். பிள்ளைங்க அவருக்குப் பெருசுன்னு பேர் வெச்சாங்க. ரேஸை விட்டுட்டு வேணும்னே வண்டியைத் தேடிப் போய் மோதுவாங்க. "டேய், பெருசுகிட்ட திட்டு வாங்குடா!"ன்னு கூச்சல். நான் வீட்டுக்குப் போய் சொன்னா, "எத்தினி பேர் இடிச்சானுங்க இன்னைக்கு?"ன்னு கேட்டுட்டு, வெத்தலை போடற மாதிரி வாயை மூடிச் சிரிச்சுக்குவார்.

அந்த வருஷமே தை மாசம் மார்க்கெட்ல மூட்டை ஏத்தறப்போ நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தார். கூட இருந்தவங்க ஆட்டோவுல போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. நான் போய்ச் சேர்றதுக்குள்ள முடிஞ்சுது.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. கல்யாணத்துல எடுத்த படம் ஒண்ணு, ரேஷன் கார்டுல ஒண்ணு. முப்பத்தேழு வருஷம் அந்தக் குரலோட குடித்தனம் பண்ணினவ, அதை ஒரு கேசட்டுல பிடிச்சு வெக்கணும்னு எனக்குத் தோணினதே இல்லை. யாருக்குத்தான் தோணும்?

பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு வேலைக்குப் போனேன். கடை வாசல்ல செருப்பை விடறேன், உள்ளே இருந்து, "மெதுவா போ ராசா!"ன்னு அவர் கத்தறார். நிலைப்படியைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே உட்கார்ந்துட்டேன். மதாம் ஓடிப் போய் அந்தப் பிள்ளையை அதட்டி ஆட்டத்தை நிறுத்தினாங்க. தண்ணி கொடுத்தாங்க. "எடுத்துடட்டுமா ராணி? பழைய வெள்ளைக்காரனையே திருப்பி வெச்சுடறேன்."

"வேணாம் மதாம். இருக்கட்டும்."

அப்புறம் அதுக்காகவே வேலைக்குப் போனேன். கூலி கூட வேற வீட்டுல அதிகம் தர்றேன்னாங்க, போகலை. மூணாவது மெஷின்ல ஸ்பீக்கர் சத்தம் ஜாஸ்தி. அதைச் சுத்தியே தரையைத் துடைச்சுக்கிட்டு இருப்பேன். பிள்ளைங்க இடிக்க மாட்டாங்களான்னு இருக்கும். மதாம் இதைக் கவனிச்சாங்க. கடை காலியா இருந்தா, அவங்களே உட்கார்ந்து காரை எடுத்துக்கிட்டுப் போய் ஒரு இடி இடிப்பாங்க. உடனே எழுந்து வேற வேலையைப் பார்க்கப் போயிடுவாங்க. அப்படி ஒரு மனசும் அவங்களுக்கு இருந்தது.

எத்தனையோ நாள் தயங்கி ஒரு நாள் கேட்டேன். "மதாம், அவர் குரலை மட்டும் ஒரு சிடில போட்டுத் தரமுடியுமா? கொழுந்தன் ஊட்ல பெட்டி இருக்கு, போட்டுக் கேப்பேன்."

"இதுக்கா இவ்ளோ இழுக்கற? அடுத்த வாரம் போட்டுத் தரேன்"ன்னாங்க. அப்புறம் சிரிச்சுக்கிட்டே, "குடுத்துட்டா நீ வேலைக்கு வருவியா?"ன்னாங்க. நானும் சிரிச்சேன். அடுத்த வாரம் வந்தது, போச்சு. ரெண்டாவது தடவை கேட்டதுக்கும் அடுத்த வாரம்தான். மூணாவது தடவை கேட்க எனக்கு வாய் வரலை. கூச்சம். நம்ம பொருளைக் கேக்கவே கூச்சப்பட்டேன்.

ஆயுத பூஜைக்கு மெஷினுங்களைச் சுத்தம் பண்றது அந்தக் கடையிலயும் உண்டு. நான் வெளியே துடைப்பேன். மதாம் உள்ளே இருக்கறதையெல்லாம் காலி பண்ணிட்டுத் திருப்பிப் புதுசா ஏத்துவாங்க. சேர்ந்து போன குப்பை போகும், மெஷின் வேகமா ஓடும்னு சொல்வாங்க. அவங்க மாத்தி வெச்ச ஆட்டத்துக்கு அலமாரியில தனியா ஒரு ஹார்ட் டிஸ்க் இருக்கும். அதுல இருந்து எடுத்து எல்லா மெஷின்லயும் திருப்பிப் போடுவாங்க. முந்தின வருஷம் நானே பார்த்திருக்கேன். அதனால பயப்படலை.

அந்த வருஷம் பூஜையில எல்லா மெஷினுக்கும் திருநீறு பட்டை போட்டு, சந்தனம் வெச்சாச்சு. குங்குமம் வெக்கணும். புருஷன் போன பிறகு நான் இந்த மாதிரி விசேஷத்துல தள்ளித்தான் நிக்கறது. யாரும் சொல்லலைன்னாலும் நாமே நின்னுக்கணும். வாசப்படிக்கிட்ட நின்னுட்டிருந்தேன். மதாம் குங்குமக் கிண்ணத்தை எடுத்துட்டு வந்து என் கையில வெச்சாங்க.

"நீ வை ராணி. தினம் துடைக்கறவ நீதானே. வேற யார் வெக்கறது?"

எனக்குக் கண்ணு நிறைஞ்சு போச்சு. சொந்தக்காரங்க வீட்டுல கூட எனக்கு அந்த இடம் கிடைக்கலை. ஒவ்வொரு மெஷினா வெச்சுக்கிட்டே வந்தேன். மூணாவது மெஷினுக்கு மட்டும் பெரிசா, அவர் நெத்தியில வெக்கற அளவுக்கு வெச்சேன்.

உள்ளே அவர் இல்லை. எனக்குத் தெரியாது.

பூஜை முடிஞ்சு கடை திறந்ததும் புதுசா வேற கார் ஆட்டம் ஓடுச்சு. காருங்க பளபளன்னு, மழை பெய்யுது, ரோட்டுல தண்ணியில விளக்கு தெரியுது. பிள்ளைங்க வாயைப் பிளந்துக்கிட்டு ஆடுறாங்க. பழசு வேற மெஷின்ல இருக்கும்னு ஒரு நாள் காத்திருந்தேன். மறுநாளும் காத்திருந்தேன். ஒரு பிள்ளைக்கிட்ட, "பெருசை இடிக்கலையா கண்ணு?"ன்னு கேட்டேன். "அது பழைய கேமு"ன்னு திரும்பாமலே சொல்லிடுச்சு. மூணாம் நாள் மதாம்கிட்ட போனேன்.

"மதாம், அந்தப் பழைய கார் ஆட்டம்..."

"அது போச்சு ராணி. புதுசு எவ்ளோ பெருசு தெரியுமா? மெஷின்ல இடமே பத்தல."

"அலமாரியில தனியா டிஸ்க் இருந்துச்சே?"

"அதுலயும் புதுசைத்தான் ஏத்தி வெச்சிருக்கேன். ஒண்ணு கெட்டா போடணும்ல? பழசுல செஞ்ச வேலை எதுவும் இதுல ஒட்டாது. உள்ளே வேற மாதிரி கட்டியிருக்கான். முதல்லேர்ந்து செய்யணும். பாரேன், மழை பெய்யற பாண்டிச்சேரி! இதைவிட நல்லா செய்யறேன்."

கண்ணெல்லாம் மின்னுது அவங்களுக்கு.

"அவர் குரல் மதாம்"னேன்.

கீபோர்டு மேல இருந்த தூசியை விரலால தட்டினாங்க. அப்புறம் சொன்னாங்க. "ஞாபகம் வராம இல்ல ராணி. அழிக்கறப்போ வந்துச்சு. பூஜைக்குள்ள முடிக்கணும்னு ஒரே அவசரம். சிடி வேற தீர்ந்து போச்சு. சரி, உன்கிட்ட அப்புறம் சொல்லிக்கலாம்னு..."

அந்தக் குங்குமக் கிண்ணம் எதுக்காக என் கைக்கு வந்ததுன்னு அப்பத்தான் புரிஞ்சுது. மறந்து போய் அழிச்சிருந்தா நான் இன்னைக்கு இதை எழுதிக்கிட்டு உட்கார்ந்திருக்க மாட்டேன்.

பின்கட்டுல பக்கெட்டைக் கழுவிக்கிட்டு இருந்தேன். ரெப் தம்பி வந்து நின்னார். எல்லாத்தையும் கேட்டிருக்கார்.

"அம்மா, மதாம்கிட்ட சொல்லிடாதீங்க. அவங்க சாப்பிடப் போனப்போ நான் ஒரு தடவ திருட்டுத்தனமா காப்பி எடுத்தேன். நெட்ல ஓசியா இடம் குடுக்கறவன்கிட்ட ஏத்தினேன்."

எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. "அதுல அவர் இருக்காரா தம்பி?"

அவர் டையை முறுக்கினார். "சத்தத்தையெல்லாம் விட்டுட்டேம்மா. அப்ப நெட்டு நத்தை மாதிரி போகும். சத்தம் போட்டா நாள் முழுக்க ஏறும். படத்தை மட்டும் ஏத்தினேன். போலீஸ் தொப்பி, போர்டு, ரோடு... இப்ப அதுவும் இல்ல. ஓசியில இடம் குடுத்தவன் ஒரு நாள் மொத்தமா மூடிட்டான். என் மெஷின்ல இருந்ததையும் இடத்துக்காக அழிச்சுட்டேன்."

நான் பக்கெட்டைக் கவுத்து வெச்சேன். அவரே சொல்லிக்கிட்டு இருந்தார். "எல்லா ஊர்லயும் இப்படித்தாம்மா. பழைய ஆட்டத்தையெல்லாம் எத்தனையோ பேர் உட்கார்ந்து மாத்தினாங்க. தேடிப் பார்த்தா ஒண்ணும் கிடைக்காது. ஒரே ஒரு மெஷின்ல இருக்கும், அந்த மெஷின் போயிடும். செஞ்சவங்களுக்கே புது ஆட்டம் வந்ததும் அது குப்பையாத் தோணும். வெளியே யார்கிட்டயும் குடுத்திருக்க மாட்டாங்க. விளையாட்டுதானேன்னு எவனும் எடுத்து வெக்க மாட்டான்."

"விளையாட்டா தம்பி"ன்னு மட்டும் கேட்டேன். அவர் பையைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டார்.

மறுநாள் நான் உள்ளே நுழையறப்பவே மதாம் முகம் தெளிவா இருந்தது. ஏதோ வழி கண்டுபிடிச்சிருக்காங்கன்னு தெரிஞ்சுது. எனக்கும் சின்னதா ஒரு நம்பிக்கை. எங்கேயோ ஒரு மூலையில கிடைச்சிருக்கும்னு நினைச்சேன்.

"ராணி, ஆட்டோ ஓட்டறாரே உன் கொழுந்தன், அவரு குரல் அப்படியே அண்ணன் மாதிரிதானே? ஒரு தடவ அவரு கடைக்குப் போன் பண்ணப்போ உன் ஊட்டுக்காரர்னே நெனச்சுப் பேசிட்டேன். அவரைக் கூட்டிட்டு வா. அதே வார்த்தையைச் சொல்லட்டும். புது ஆட்டத்துல வெச்சுடறேன். யாருக்கும் வித்தியாசம் தெரியாது."

என்னைச் சமாதானம் பண்ணச் சொன்ன பேச்சா எனக்குப் படலை. அவங்க நிஜமாவே அப்படித்தான் நினைச்சாங்க. காலியான இடத்துல வெக்க ஒண்ணு கிடைச்சுடுச்சு, இனிமே இன்னா குறைன்னுதான் அவங்களுக்கு இருந்தது.

"எனக்கு வித்தியாசம் தெரியும் மதாம்"னேன்.

மெல்லத்தான் சொன்னேன். அவங்க அதுக்குள்ள கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிட்டாங்க. காதுல விழுந்துச்சான்னு தெரியலை. துடைப்பத்தைக் கதவுக்குப் பின்னாடி சாத்தி வெச்சுட்டு வெளியே வந்துட்டேன். அப்புறம் அந்தக் கடைக்கு வேலைக்குப் போகலை. எங்க தெருவுலயே ஒரு வீட்டுல சமையலுக்குச் சேர்ந்தேன்.

ரெண்டு மூணு வாரம் கழிச்சு கொழுந்தன் ஆட்டோவை வாசல்ல நிறுத்திட்டு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணி, மதாம் ஆளனுப்பிச்சாங்க. போய்ப் பேசிட்டு வந்துட்டேன். ஒரே தடவையில வந்துடுச்சாம். அண்ணன் சொன்னது எப்பவும் அதுல நிக்கும் பாருங்க."

நல்லது பண்ணிட்டோம்னு நினைச்சுக்கிட்டு நிக்கறார். அண்ணன் மேல உசிரா இருந்தவர். அவரை நான் என்ன சொல்றது? "கை கழுவிட்டு உட்காரு தம்பி"ன்னு சோறு போட்டேன். நீ எதுக்குப் போனே தம்பின்னு கேக்க வாய் வரைக்கும் வந்தது. குழம்பை ஊத்தினேன்.

அந்தத் தெரு வழியா போறதை விட்டுட்டேன். ஆனா ஒரு நாள் பெரிய மார்க்கெட்ல மீன் வாங்கிட்டுத் திரும்பறப்போ, நான் வழக்கமா போற பாதையில பள்ளம் தோண்டிப் போட்டிருந்தாங்க. கடைப் பக்கமாத்தான் வரணும். தலையைக் குனிஞ்சுக்கிட்டு வேகமா நடக்கறேன். ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே இருந்து அந்தக் குரல் வந்தது.

கூடையைக் கீழே வெச்சுட்டேன். முந்தானையை இழுத்துச் சரி பண்ணிக்கிட்டு, "தோ வந்துட்டேன்"னு வாய்விட்டுச் சொல்லி, குரல் வந்த பக்கம் ரெண்டு அடி எடுத்தும் வெச்சேன். அப்புறம்தான் உறைச்சுது, அது கொழுந்தன்னு.

வீட்டுக்கு வந்து மீனைக் கூட ஆயலை. சுவரைப் பார்த்து உட்கார்ந்து அவர் பேசினதையெல்லாம் ஒவ்வொண்ணா நினைச்சுப் பார்த்தேன். சோறு கேட்டது, சண்டை போட்டது, என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது. வார்த்தை எல்லாம் வருது. அதைச் சொல்ற குரல் எது அவரோடது, எது தம்பியோடதுன்னு என்னால பிரிக்க முடியலை. இத்தனை வருஷம் ஆச்சு, இன்னும் முடியலை. யாருக்கும் வித்தியாசம் தெரியாதுன்னு அவங்க சொன்னாங்க. எனக்கே தெரியலை.